ஐ.நா. ஒப்பந்தம் உங்கள் மனுவில் ஒரு பிரிவு எண்ணாக மாறுவது எப்படி?

இந்தியா ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாகச் செய்தி வந்தால், அதிலுள்ள உரிமைகள் மறுநாளே நம் கைக்கு வந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வராது. ஒப்பந்தம் போடுவது ஒன்றிய அரசு. அதை முறைப்படி ஏற்றுக்கொண்டதாக ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுப்பதும் அதே அரசுதான். அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு தேவையில்லை. ஆனால் கல்லூரியோ தேர்வாணையமோ மாநகராட்சியோ உங்களுக்கு ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதைச் சொல்ல உள்நாட்டில் ஒரு சட்டம் வேண்டும்.

1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. கடனைக் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று சர்வதேச உடன்படிக்கை இருந்தாலும், உள்நாட்டுச் சட்டம் மாறாதவரை நீதிமன்றம் உள்நாட்டுச் சட்டத்தின்படிதான் போக முடியும் என்றது. அதோடு விட்டுவிடவில்லை. அந்த உள்நாட்டுச் சட்டத்தையே உடன்படிக்கையோடு முட்டாதபடி படித்து, கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றுகிறவருக்குத்தான் சிறை என்று முடித்தது. இன்றுவரை நிலைமை ஏறக்குறைய இதுதான்: சட்டம் மௌனமாக இருந்தாலோ இரண்டு விதமாகப் பொருள் தந்தாலோ ஒப்பந்தம் கைகொடுக்கும்; சட்டமும் ஒப்பந்தமும் நேருக்கு நேர் முரண்பட்டால் சட்டம்தான் நிற்கும்.

இதற்கு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பர் 13ல் பொதுச்சபையில் நிறைவேறியது. 2007 மார்ச் 30ல், கையெழுத்துக்குத் திறந்துவைத்த முதல் நாளே, இந்தியா கையெழுத்திட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1ல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. அவ்வளவு வேகம். அப்புறம்? உள்நாட்டுச் சட்டம் நிறைவேறியது 2016 டிசம்பரில். நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19ல். நடுவில் ஒன்பதரை வருடம் 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தை வைத்தே ஓட்டினார்கள். அதில் இருந்தது ஏழே வகைக் குறைபாடுகள், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு.

இன்னொரு கேள்வி. மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணம் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், அதாவது பொதுவாக மாநிலங்களே சட்டம் போடவேண்டிய விஷயங்களின் பட்டியலில், 9ஆவதாக இருக்கிறது. அப்படியானால் டெல்லி எப்படி நாடு முழுமைக்கும் சட்டம் போட்டது? 253ஆவது கூறின் வழியாக. வெளிநாட்டோடு செய்த ஒப்பந்தத்தையோ சர்வதேச மாநாட்டில் எடுத்த முடிவையோ நிறைவேற்றுவதற்காக, அதிகாரப் பட்டியல்கள் என்ன சொன்னாலும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அந்தக் கூறு. மாநிலங்களின் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் பற்றிய 1972 ஸ்டாக்ஹோம் ஐ.நா. மாநாட்டைக் காட்டித்தான் 1981ல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. மாநில உரிமை பேசுகிறவர்கள் இந்தக் கூறைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மாநிலங்களின் பங்கு இல்லாமல் போட்ட ஒரு கையெழுத்து, அவற்றின் அதிகாரத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

சரி, ஒப்பந்தம் சட்டமாகும்போது என்ன மாறுகிறது? ஐ.நா. உடன்படிக்கையை முழுக்கத் தேடினாலும் அதில் ஒரு சதவீதக் கணக்குகூடக் கிடையாது. 2016 சட்டத்திலோ எண்கள் நிறைய. குறைபாடுகளின் பட்டியல் ஏழிலிருந்து 21 ஆனது. 34ஆவது பிரிவு அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. 32ஆவது பிரிவு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களையும், வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வையும் தருகிறது. 31ஆவது பிரிவு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. இவை எல்லாமே 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு. அந்த 40 நாமே வைத்துக்கொண்ட எல்லை, ஐ.நா. சொன்னதல்ல.

இந்த எல்லையை ஒட்டித்தான் பெரிய வழக்கே வந்தது. மாற்றுத்திறனாளி யார் என்பதைச் சட்டம் இரண்டு இடத்தில் சொல்கிறது. பிரிவு 2ன் ஓர் உட்பிரிவு உடன்படிக்கையின் வாசகத்தை ஒட்டியே போகிறது: நீண்டகாலக் குறைபாடு உள்ளவர், சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க முடியாதவர். அதில் சதவீதம் இல்லை. அதற்கு முந்தைய உட்பிரிவில்தான் 40 வருகிறது. ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வில் ஒருவர், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினைக்காக, சொல்வதை எழுத ஆள் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பு தவறு என்றது. ஒதுக்கீட்டுக்குத்தான் 40, ஒருவரின் நிலைக்கு ஏற்ற வசதியைச் செய்து கொடுப்பது எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய கடமை. சட்டத்தில் இரண்டு வரையறைகள் ஏன் இருக்கின்றன என்று புரிந்துகொள்ள, அந்தச் சட்டம் எந்த உடன்படிக்கைக்காக வந்தது என்பதையும் நீதிபதிகள் பார்த்தார்கள்.

சட்டத்துக்குக் கீழே விதிகள் இருக்கின்றன. சட்டம் தந்த உரிமை கசிந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். கட்டடம், பஸ், இணையதளம் எல்லாம் எளிதில் பயன்படுத்தும்படி இருப்பதற்குத் தரநிலைகளை விதிகளாக வகுக்க வேண்டும் என்கிறது 40ஆவது பிரிவு. அவற்றைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்கிறது 44. மீறினால் 89ஆவது பிரிவின்படி முதல்முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். ஆனால் 2017ல் வந்த விதி 15 கைகாட்டிய வழிகாட்டி நெறிகளோ பெரும்பாலும் பரிந்துரைத் தொனியிலேயே இருந்தன. சட்டம் கட்டாயம் என்றது, விதி முடிந்தால் செய்யுங்கள் என்றது. 2024 நவம்பர் 8ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான தரநிலைகளை மூன்று மாதத்தில் வகுக்க உத்தரவிட்டது.

தலைகீழாக நடப்பதும் உண்டு. பார்வையற்றோர் புத்தகங்களைப் படிக்கத் தோதான வடிவில் பிரதி எடுக்க அனுமதிக்கும் மராகேஷ் ஒப்பந்தம் 2013ல் வந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த விலக்கை 2012லேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் 2014ல் உலகிலேயே முதல் நாடாக இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்க முடிந்தது.

இனி உங்கள் மனுவுக்கு வருவோம். "ஐ.நா. உடன்படிக்கைப்படி" என்று தொடங்காதீர்கள். கவுன்டரில் இருப்பவரை அது கட்டுப்படுத்தாது. "2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 32ன்படி" என்று பிரிவு எண்ணோடு தொடங்குங்கள். தேர்வில் கூடுதல் நேரமோ எழுத ஆளோ கேட்டால் பிரிவு 17. உங்களுக்குத் தேவையான தனிப்பட்ட ஏற்பாட்டை மறுத்தால் பிரிவு 3. உடன்படிக்கையை அதற்கு அடுத்த பத்தியில் துணைக்கு வைக்கலாம். இந்தச் சட்டமே அந்த உடன்படிக்கையை நிறைவேற்றத்தான் என்று சட்டத்தின் நீண்ட தலைப்பு சொல்வதால், மேலே போகும்போது அது உதவும். சான்றிதழின் நகலையும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், சம்பந்தப்பட்ட துறை எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சொல்ல வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழுவிடம் தனிநபராகப் புகார் செய்ய முடியாது. அதற்கு வழிவிடும் கூடுதல் நெறிமுறையில் இந்தியா சேரவில்லை.