கூலண்ட் ஒழுகும் பழைய கார்: விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கடந்த மே மாதம் ஒரு காலையில், 13 ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று சேலத்தில் நான் நடத்தும் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. டிக்கியில் ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டில் தண்ணீர் இருந்தது. மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும் முன் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் நிற்கும் டப்பாவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். முந்தைய நாள் மாலை பழைய கார் வாங்கும் தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, “கூலண்ட் ஒழுகுதும்மா, இனி இன்ஜின் வேலைதான், அறுபதாயிரத்துக்குக் கொடுத்துடுங்க” என்று சொல்லி முன்பணமும் நீட்டியிருக்கிறார். அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, இதைச் சரி பண்ணலாமா, வித்துடலாமா?”

இந்தக் கேள்வியை 22 ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். வண்டியின் வயதையும் கிலோமீட்டரையும் சொல்லிவிட்டு உடனே முடிவு கேட்பவர்கள்தான் அதிகம். அந்த இரண்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கூலண்ட் எந்த இடத்திலிருந்து வெளியேறுகிறது, இன்ஜின் இதுவரை ஒரு முறையாவது கொதித்திருக்கிறதா என்ற இரண்டும் தெரியாதவரை, செலவு செய்வதும் விற்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கும் முடிவுகளே. அந்த இரண்டையும் தெரிந்துகொள்ள, இன்ஜின் ஆறிய பிறகு ஒரு மணி நேரமும் சில நூறு ரூபாயும் போதும் என்பதால்தான், அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு வருந்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கூலண்ட் வெறும் சாயத் தண்ணீர் அன்று. எத்திலீன் கிளைக்கால், கனிமம் நீக்கிய நீர், உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவை கலந்த திரவம் அது. ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங் அந்தத் திரவத்தை ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கிறது. 100 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டிய சாதாரணத் தண்ணீர்கூட அந்த அழுத்தத்தில் 120 டிகிரியை எட்டிய பிறகே கொதிக்கும். ஆகவே ஊசித் துளை அளவுக் கசிவு இருந்தாலும், திரவம் குறைவதற்கு முன்பே அழுத்தம் நிற்காமல் போய்விடுகிறது. டப்பாவில் தண்ணீர் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறும்போது, இன்ஜினின் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி நிற்கிறது. ஆவியால் உலோகத்தின் சூட்டைத் தண்ணீர் அளவுக்கு வாங்கிச் செல்ல முடியாது. ஹெட் அலுமினியத்தால் ஆனது. பல இன்ஜின்களில் அதன் அடியில் இருக்கும் இன்ஜின் உடலான பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியக்கூடிய அலுமினியம், போல்ட் போட்டு இறுக்கப்பட்ட நிலையில் விரிய இடமில்லாமல் வளைந்துவிடுகிறது. 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு விலகினாலே, பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து முகம் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

மீட்டர் எச்சரிக்கும் என்று காத்திருப்பதும் ஆபத்து. பல சிறிய கார்களில் வெப்பநிலை காட்டும் முள்ளே கிடையாது. சூடு எல்லை மீறிய பிறகு எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான் உண்டு. திரவம் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நின்றுவிட்டால், இன்ஜின் கொதிக்கும் நேரத்திலும் அது உண்மையைச் சொல்லாமல் போகலாம்.

முதலில் ஒழுகுவது கூலண்ட்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். கோடையில் ஏ.சி. போட்டு ஓட்டி வந்து நிறுத்திய வண்டியின் அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பதறி வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அது காற்றிலிருந்து பிரிந்த நீர். நிறமும் மணமும் இல்லாதது, விரலில் ஒட்டாது. கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் என ஏதேனும் ஒரு நிறத்தில் இருக்கும். இரு விரல்களுக்கு இடையே தேய்த்தால் வழுக்கும். இனிப்பு மணம் வீசும். இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வைத்தால், காலையில் அட்டையில் விழுந்திருக்கும் கறையின் நிறமும் இடமும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அந்த இனிப்பை நம்பி நாய்களும் பூனைகளும் நக்கிவிடுகின்றன. எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு என்பதால், தரையில் சிந்தியதைக் கழுவிவிடுவதும், குழந்தைகள் உள்ள வீட்டில் கூலண்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காமல் இருப்பதும் மிக அவசியம்.

தலைமையாசிரியையின் காரை இரண்டு மணி நேரம் ஆற விட்டோம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்திலும் மார்பிலும் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்குட்டையைப் போட்டுத் திறந்தாலும் அந்த ஆவி நிற்காது. ஆறிய பிறகு மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, 1 பார் அழுத்தம் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் முள் பாதிக்கு இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, ரேடியேட்டரின் அலுமினியப் பகுதியும் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பில், ஓட்டுநர் பக்கத்து ஓரத்தில், முத்து முத்தாகத் துளிகள் வரிசை கட்டி வந்தன. அங்கே பழைய கசிவு காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தது. அடுத்து, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீல நிறச் சோதனைத் திரவம் வழியாக உறிஞ்சிப் பார்த்தோம். எரிந்த வாயு கூலண்டுக்குள் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். அது நீலமாகவே நின்றது. ஆயில் அளவுக்கோலில் எண்ணெய் தெளிவாக இருந்தது. ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர் திரண்டதுபோன்ற வெண்மை எதுவும் இல்லை. இன்ஜின் கொதிக்கவில்லை என்பதற்கு எனக்கு இவ்வளவு போதும்.

ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி, புதிய கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. மூன்று வாரம் ஊற்றிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் உள்ளே துருவும் சுண்ணாம்புப் படிவும் சேரத் தொடங்கியிருந்ததால், நான்கு முறை கழுவி வெளியேற்ற வேண்டியிருந்தது. நம் ஊர் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது கசிவைவிட மெதுவாக, ஆனால் அதே அளவு உறுதியாக இன்ஜினைக் கெடுக்கும். அவசரத்துக்கு ஊற்றியவர்கள் விரைவில் அதை வெளியேற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன கூலண்டையே நிரப்ப வேண்டும். அந்தக் கார் நல்ல நிலையில் எங்கள் ஊரில் ஒன்றரை லட்சம் வரை போகக்கூடியது. அதாவது 9,400 ரூபாய் வேலைக்காகத் தொண்ணூறாயிரத்தை விட்டுக்கொடுக்க இருந்தார்.

எல்லாக் கசிவும் இவ்வளவு எளிதில் முடிவதில்லை. ஹோஸ் வெடிப்பும் கிளிப் தளர்வும் சில நூறு ரூபாய் வேலைகள். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டினால், உள்ளே சீல் போய்விட்டது. பம்பை மாற்றியே ஆக வேண்டும். டைமிங் பெல்ட்டால் சுழலும் பம்பு என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுவதுதான் அறிவுடைமை. வெளியே ஒரு சொட்டும் விழாமல், கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையோடு பனி படிந்தால் அது காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர். அதில் பொருளின் விலையைவிட டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலி அதிகம். எங்கும் சொட்டாமல், கார்ப்பெட்டும் நனையாமல், டப்பா மட்டும் குறைந்துகொண்டே வருகிறதா, சைலன்சரில் வெண்புகை இனிப்பு மணத்தோடு வருகிறதா, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்போல் இறுகுகிறதா, அப்படியானால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் மீதுதான் சந்தேகம் கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் மஞ்சள் தூளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்பாசடர், ஜீப் காலத்து ஓட்டுநர்கள் நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். அகலமான குழாய்கள் கொண்ட பித்தளை ரேடியேட்டருக்கு அது ஒருநாள் கைகொடுத்தது. பிறகு பற்றவைத்துச் சரிசெய்யவும் முடிந்தது. இன்றைய மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள் மஞ்சள் தூளும், கடையில் விற்கும் கசிவு அடைப்பு மருந்தும் துளையை மட்டும் தேர்ந்தெடுத்து அடைப்பதில்லை. ஹீட்டர் கோரும் ரேடியேட்டரின் நடுக் குழாய்களும் சேர்ந்தே அடைபட்டு, 9,000 ரூபாய் வேலை 30,000 ரூபாய் வேலையாக வளர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அதே மாதத்தில் வந்த இன்னொரு வண்டி 14 ஆண்டு டீசல் கார். உரிமையாளர் குடும்பத்தோடு கொல்லிமலை போயிருக்கிறார். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, ஓட்டி, மறுபடி நிறுத்தி, இப்படி ஐந்து முறை செய்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். பிள்ளைகளோடு இருட்டும் நேரத்தில் மலையில் நின்ற தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முதல் விளக்கிலேயே நிறுத்தி, இழுவை வண்டியை அழைத்திருந்தால் சில ஆயிரங்களோடு போயிருக்கும். சோதனைத் திரவம் அரை நிமிடத்தில் நிறம் மாறியது. ஹெட் வேலைக்கு 48,000 ரூபாய் மதிப்பிட்டோம். கழற்றிய பிறகு பிளாக்கிலும் பாதிப்பு தெரிந்தால் இன்னும் கூடும் என்றும் சொன்னோம். இத்தகைய சேதத்துக்குக் காப்பீடு உதவும் என்று பலர் எண்ணுகிறார்கள். வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திரப் பழுதையும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை.

“வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு” என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருக்கும் நிலையில் என்ன விலை கிடைக்கும், பழுது பார்த்த பிறகு எத்தனை ஆண்டு நிம்மதியாக ஓடும், அதை விற்றுவிட்டு வாங்கப்போகும் வண்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று லட்சம் கொடுத்து வாங்கும் இன்னொரு பழைய காரின் கூலண்ட் வரலாறு யாருக்கும் தெரியாது. நம்முடைய வண்டியின் வரலாறு நமக்குத் தெரியும். ஏற்கெனவே செலவழித்த பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வரப்போகும் டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் செலவுகளைச் சேர்க்க வேண்டும். 15 ஆண்டு நெருங்கும் கார் என்றால் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் புதுப்பிப்பும் உண்டு, 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, பசுமை வரி தனி. எல்லாவற்றுக்கும் மேலாக நான் பார்ப்பது வண்டியின் அடித்தளம். தரைத்தகடும் சேஸிஸும் துருப்பிடித்து உதிரும் வண்டியில் இன்ஜினுக்கு ஒரு ரூபாயும் போட வேண்டாம் என்பேன். அடித்தளம் திடமாக இருந்தால் ஹெட் வேலைகூடச் செய்யத் தகுந்ததே.

அந்த டீசல் காரின் தரை பின் இருக்கைக்கு அடியில் கைவிட்டால் உதிரும் நிலையில் இருந்தது, கிளட்சும் வழுக்கிக்கொண்டிருந்தது. விற்றுவிடுங்கள் என்றேன். “கொஞ்சம் அடைப்பு மருந்து ஊத்தி, பார்க்க வர்றவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம வித்துடலாமாண்ணே?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன். மலைப்பாதையில் இன்னொரு குடும்பத்தை நிறுத்திவைக்கும் வேலைக்கு என் பட்டறை உதவாது. தவிர, தெரிந்த குறையை முனைந்து மறைப்பதை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மோசடி என்றே சொல்கிறது.

சோதனை முடிவைப் பட்டறைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஹெட் கேஸ்கட் பழுது, ஹெட் வளைந்திருக்கலாம், தரையில் துரு. அதைக் காட்டியே விலை பேசினார். நாமக்கல் பக்கம் பழைய டீசல் இன்ஜின்களைப் பிரித்து வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர், உதிரிபாகங்களுக்காக 70,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். தரகர்கள் சொன்ன விலையும் ஏறத்தாழ அதுதான். குறையைச் சொன்னதால் பெரிதாக எதையும் இழக்கவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தவரை, பெயர் மாறும்வரை பின்தொடரச் சொன்னேன். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்று வாரம் கழித்து, புதிய உரிமையாளரின் பெயர் ஏறிய ஆர்.சி.யின் படத்தை அவர் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார்.