கடலோரத்தில் பேட்டரி கார் வைத்திருப்பவர்கள் சார்ஜர் வாங்கும் முன்

கோல்ஃப் மைதானத்துக்காக உருவான வண்டிதான் நம் ஊரில் பேட்டரி கார் என்ற பெயரில் ரிசார்ட், கோயில், மருத்துவமனை என்று எங்கும் ஓடுகிறது. இவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். ஐப்பசி மழை தொடங்கியதும் அழைப்புகள் கூடிவிடும். "மழைத்தண்ணி உள்ளே போயிருக்கும் சார், சார்ஜர் வேலை செய்யலை" என்பார்கள். திறந்து பார்த்தால் மின்விசிறி துருப்பிடித்து நின்றிருக்கும், லக்கில், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டில், பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், சர்க்யூட் போர்டில் உப்பும் தூசியும் அடை அடையாய்ப் படிந்திருக்கும். கடலோரத்தில் சார்ஜரை முதலில் அழிப்பது உப்புக்காற்று. அடுத்தது வண்டி கழுவும் தண்ணீர். மழை அதற்கும் பின்னால்தான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் "வாட்டர்ப்ரூஃப்தானே?" என்று மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். சார்ஜரின் மேல் ஐபி என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே கிடையாது. 54 தெறிக்கும் நீரைத் தாங்கும். 65 என்றால் தூசி புகாது, குழாய் நீர் பீய்ச்சினாலும் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் உள்ளே நீர் இறங்காது.

67 இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். மூழ்கும் சோதனையும் பீய்ச்சும் சோதனையும் வேறு வேறு. ஒன்றில் தேறியது மற்றொன்றிலும் தேறும் என்று பொருளில்லை. சீட்டுக்கு அடியில் சார்ஜர் பொருத்திய வண்டியைக் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறீர்கள் என்றால் ஐபி66, 67 இரண்டும் குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், இந்தச் சோதனை எதிலும் உப்பு கிடையாது. உப்பு மூடுபனிச் சோதனை செய்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அலுமினிய உறை, மின்விசிறி இல்லாத அமைப்பு, உள்ளே ரெசின் (இறுகிவிடும் ஒருவகைப் பிசின்) ஊற்றி அடைத்த போர்டு, இந்த மூன்றும் உள்ள சார்ஜரைத்தான் கடற்கரைக்கு நான் பரிந்துரைப்பேன்.

அப்படி அடைத்த சார்ஜருக்கு வெயில்தான் எதிரி. சூடு ஏறினால் அது தானாகவே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் சார்ஜ் ஏற நேரமாகிறது என்று நல்ல பேட்டரியையே மாற்றியவர்கள் உண்டு. சார்ஜரின் விலாப் பக்கம் காற்றோட இடம் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சூட்டுக்கேற்ப வோல்டேஜைக் குறைக்க, பேட்டரியில் ஒட்டும் வெப்ப சென்சார் இருக்கிறதா என்றும் பாருங்கள். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை 25 டிகிரியில் 59 வோல்ட் அளவில் சார்ஜ் செய்தால், 40 டிகிரியில் கிட்டத்தட்ட 1.8 வோல்ட் குறைத்தாக வேண்டும். குறைக்காவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும், பிளேட் கெடும்.

கூரை போட்ட ஷெட்டில் சுவரில் மாட்டும் சார்ஜர் என்றால் 67-க்குக் காசு கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் சாரல் அடிக்காதபடி கூரையை நீட்டுங்கள். ஆனால் மழைக்கு பயந்து, சார்ஜ் ஏறும்போது வண்டியையும் சார்ஜரையும் தார்ப்பாயால் போர்த்துவதை இன்றே நிறுத்துங்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது பிளக் பக்கம்தான். 48 வோல்ட், 25 ஆம்பியர் சார்ஜர் வீட்டு மின்சாரத்தில் 7 ஆம்பியர் வரை இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, பாக்ஸை ஈரத்தரையில் போட்டு வைத்திருப்பதை இன்னும் பல இடங்களில் பார்க்கிறேன். இரவு வேலை முடித்த டிரைவர் ஈரக்கையோடு, செருப்பில்லாமல் வந்து அதைத்தான் தொடுகிறார். சார்ஜர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த பாக்ஸுக்குள் தண்ணீர் போனால் உயிருக்கே ஆபத்து. சுவரில் இடுப்புயரத்தில் மூடி வைத்த 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், சரியான எர்த்திங், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இவை இல்லாமல் புது சார்ஜரை நான் மாட்டித் தருவதில்லை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

லித்தியத்துக்கு மாறினால் பழைய சார்ஜரை அப்படியே பயன்படுத்தாதீர்கள்; அந்த பேட்டரிக்கென்றே செட் செய்த சார்ஜர் வேண்டும்.

வாங்கும்போது வாரண்டி அட்டையைக் கடைசி வரி வரை படியுங்கள். துருவால், உப்பால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கலாம். வண்டி கடற்கரையில் ஓடுகிறது என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கும் வாரண்டி உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.