மண் பரிசோதனை: வயலிலிருந்து ஆய்வுகூடத்துக்கும், திரும்பி வயலுக்கும்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் ஒரு ஏக்கர் வயலின் மேல்மண்ணை 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் அள்ளி நிறுத்தால், சுமார் 8 இலட்சம் கிலோ வரும். அதிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போவது அரைக்கிலோ. அங்கே பொஸ்பரஸ் அளக்க எடுப்பது 2.5 கிராம். அந்தச் சிட்டிகை மண்தான் முழு ஏக்கருக்கும் பேச வேண்டும். அதனால் பரிசோதனையில் பாதி வேலை வயலிலேயே நடக்கிறது. இன்னொரு பெரிய பங்கு, முடிவு விவசாயியின் கைக்குத் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. இந்த இரண்டிலும் கோட்டை விட்டால், நடுவில் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயனில்லை.

பெரும்போகத்துக்கு மண் எடுக்கச் சரியான நேரம், சிறுபோக அறுவடை முடிந்து, பருவமழை தொடங்குமுன், பசளை எதுவும் போடாத நாட்கள். வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் சரிவாகக் குழி வெட்ட வேண்டும். குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பில் ஒரு சீவல் எடுக்க வேண்டும். வரம்போரம், மரநிழல், மாடு கட்டின இடம், வைக்கோல் எரித்த இடம் எல்லாம் வேண்டாம். எரித்த இடத்துச் சாம்பல் கொஞ்சம் கலந்தாலும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். எடுத்ததையெல்லாம் கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, அரைக்கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்த வேண்டும். மேட்டு வயலையும் பள்ள வயலையும் ஒரே பையில் போடக்கூடாது. யூரியா வந்த பையில் போட்டால் அந்த மாதிரி அதோடு சரி.

திருகோணமலை மாவட்டத்துக்கு இது கூடுதலாகவே பொருந்தும். கந்தளாய்ப் பக்கம் செங்கபில மண், காய்ந்தால் இறுகிப்போகும். மகாவலி வண்டல் படிந்த மூதூர், வெருகல் பக்கம் வேறு மண். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரம் மணல். இவை எல்லாவற்றுக்கும் ஒரே பசளைக் கணக்கு என்றால் ஓரிடத்தில் காசு வீண், இன்னோரிடத்தில் பயிர் பட்டினி.

சரி, ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது? பொஸ்பரஸையே எடுத்துக்கொள்வோம். 1954இல் ஓல்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் வெளியிட்ட முறை இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மண்ணைச் சோடியம் பைகாபனேற்றுக் கரைசலில் அரை மணி நேரம் குலுக்கி வடிக்கிறார்கள். வடிந்த நீரில் மொலிப்டினம் சேர்ந்த கரைசலை விட்டால் நீலம் ஏறும். நீலம் எவ்வளவு கடுமையோ, அவ்வளவு பொஸ்பரஸ். இது மண்ணில் உள்ள முழுப் பொஸ்பரஸ் அல்ல. வேர் எட்டிப் பிடிக்கக்கூடிய பங்கைத்தான் இந்த முறை மதிப்பிடுகிறது.

நெல் வயலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தண்ணீர் கட்டிய சில நாட்களில் நுண்ணங்கிகள் மண்ணில் இருந்த ஒட்சிசனைத் தீர்த்துவிடும். அதன்பின் இரும்புச் சேர்வைகளில் கைவைக்கும். அப்போது இரும்பு பிடித்து வைத்திருந்த பொஸ்பரஸ் விடுபட்டு நீரில் கலக்கிறது. உலர்ந்த மண்ணில் குறைவாகத் தெரிந்தது, வெள்ளம் நின்ற வயலில் பயிருக்குப் போதுமானதாகிவிடலாம். ஓல்சன் முறையில் அளந்த பொஸ்பரஸ், ஒரு கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நெல்லுக்குப் பொஸ்பரஸ் குறைபாடு வருவது அரிது என்று வைத்துக்கொள்வது இதையும் கணக்கிட்டுத்தான். போகத்துக்குப் போகம் போட்ட ரி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளை பெரும்பாலும் கழுவிப் போகாமல் மண்ணிலேயே தங்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கும்வரை இலங்கை பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். மண்ணில் பொஸ்பரஸ் இருப்பு உண்டு என்று எழுத்தில் வைத்திருந்தால், கிடைத்த காசை முதலில் நைதரசனுக்குச் செலவழிக்கத் துணிவு வந்திருக்கும். நைதரசன் அப்படி மண்ணில் காத்திருக்காது.

பொட்டாசியத்தின் கதை வைக்கோலில் இருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு வைக்கோலிலேயே நிற்கும். அதை வயலில் பரப்பி உழுதால் பொட்டாசியமும் சேதனப் பொருளும் மண்ணுக்குத் திரும்பும். எரித்தால் அதிலுள்ள நைதரசன் கிட்டத்தட்ட முழுதும் புகையோடு போய்விடும்.

அப்புறம் உவர், அதாவது மண்ணில் உள்ள உப்பு. அதை மின்கடத்துதிறனாக, மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் என்று அளக்கிறார்கள். வெங்காயம் 1.2 டெசிசீமனிலேயே விளைச்சலைக் குறைக்கத் தொடங்கும், நெல் 3 வரை தாங்கும். இந்த எண்கள், மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்த சாற்றில் அளந்தவை. ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு அளந்தால், அதே மண் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். எந்த முறையில் அளந்தது என்று எழுதாத அறிக்கை கரையோர விவசாயியை நேராக நட்டத்தில் கொண்டுபோய் விடும். அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியை விடவே கூடாது.

இனித் திரும்பும் வழி. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஹெக்டயர் கணக்கில் இருக்கின்றன. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் வருகிற கேள்வியோ, “ஏக்கருக்கு எத்தனை பேக், எப்ப போடுறது, தம்பி?” என்பது. அறிக்கையும் அப்படியே பதில் சொல்ல வேண்டும். 50 கிலோ யூரியா பேக்கில் 23 கிலோ நைதரசன் என்று தொடங்கி, ஏக்கருக்கு இத்தனை பேக், எந்த எந்தக் கிழமையில் என்பதுவரை. அதுவும் பெரும்போகக் கூட்டத்துக்கு முன்பே கிடைக்க வேண்டும். விதைத்து அடிப்பசளையும் போட்ட பிறகு வரும் முடிவு அந்தப் போகத்துக்கு உதவாது.

அதற்கு மேல், ஒரு வயலைச் சின்ன வரம்பால் பிரித்துப் பார்ப்பதைப்போல நம்பிக்கை தருவது வேறில்லை. ஒரே விதை, ஒரே நாளில் விதைப்பு. ஒரு பக்கம் வழக்கமான பசளை, மறுபக்கம் பரிசோதனை சொன்ன அளவு. தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாயக்கூடாது, பாய்ந்தால் பசளையும் கூடவே போகும். இரு பக்க அறுவடையையும் தனித்தனியே நிறை பார்த்து, பசளைச் செலவையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு வயலில் கிடைத்த வித்தியாசம் அந்த இடத்து மண்ணால் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் வாய்க்கால் தலைப்பிலும் கடைமடையிலுமாகப் பல வயல்களில் செய்ய வேண்டும். விளைச்சல் குறைந்த வயல்களின் கணக்கையும் மறைக்காமல் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அடுத்த போகத்துக்கு அளவைத் திருத்துவது அந்தக் கணக்கிலிருந்துதான்.