ஷோப்பனின் இடக்கையும் வலக்காலும்

போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் (1810–1849) என்றதும் "உருகி வாசிக்கணும்" என்ற நினைப்புதான் பியானோ படிக்கிற பலருக்கு வருகிறது. அந்த உருக்கத்துக்காக இரண்டு கையின் தாளத்தையும் சேர்த்தே தளர விடுகிறார்கள். ஒலியை நீட்டிக்கும் வலப்பக்கப் பெடலை அமுக்கினால் அதிலிருந்து காலை எடுப்பதில்லை. ஒரு நாக்டர்னை (இரவின் மனநிலையில் அமைந்த மெல்லிய பியானோ இசை) இப்படி ஒப்பேற்றிவிடலாம். டெபுஸி, ஸ்கிரியாபின் போன்ற பிற்கால இசையமைப்பாளர்களிடம் போகும்போது வசமாக மாட்டிக்கொள்வார்கள். பின்னால் வந்தவர்கள் ஷோப்பனிடம் கற்றது பெரும்பாலும் அவருடைய இடக்கையையும் பெடலையும்தான்.

1839-இல் வெளியான 24 பிரிலூடுகளில் (சிறு பியானோ இசைத்துண்டுகள்; ஓபஸ், அதாவது படைப்பு எண், 28) 4-வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ மைனர். வலக்கை முதல் மூன்று பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) பி, சி என்ற இரண்டு சுரங்களையே சுற்றிக்கொண்டிருக்கும். கதை நடப்பது இடக்கையில். முதல் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஜி–பி–ஈ. அடியில் மூலச்சுரமான ஈ இல்லை, ஜி இருக்கிறது. அதனால் தொடக்கத்திலேயே காலூன்ற இடமில்லை. பிறகு சுரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே வழுகுகின்றன: ஒன்று இறங்கும்போது மற்றவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். கார்டு எங்கே போய்ச் சேரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

மாணவர்கள் இங்கே செய்யும் தவறு, பாருக்கு எட்டுக் கார்டையும் எட்டு அடியாக ஒரே கனத்தில் தட்டுவது. லார்கோ (மிக மெதுவாக) என்று எழுதியிருந்தாலும் பாருக்கு இரண்டு எண்ணிக்கைதான். முதலில் கார்டை அடித்துப் பிடித்துக்கொண்டு, மாறுகிற சுரத்தை மட்டும் அடுத்த கட்டைக்கு நகர்த்திப் பழகுங்கள். பிறகு எட்டையும் சேர்க்கும்போது கட்டை முழுவதும் மேலே வரவேண்டாம். பாதி எழும்பியதும் மீண்டும் அமுக்குங்கள். மாறிய சுரம் மற்றவற்றைவிட ஒரு பிடி கூடுதலாகக் கேட்கவேண்டும்.

ஸ்கிரியாபினின் 24 பிரிலூடுகளும் (ஓபஸ் 11) ஷோஸ்டகோவிச்சின் 24-உம் (ஓபஸ் 34) ஷோப்பனின் ஸ்கேல் வரிசையிலேயே போகின்றன. மூவரிடமும் 4-வது ஈ மைனர்தான். அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், வம்சாவளி காதிலேயே தெரியும். ஷோப்பனின் 20-வது பிரிலூடை வைத்து ரக்மானினாஃப் பெரிய வேரியேஷன்ஸ் (ஒரே கருவை விதவிதமாக மாற்றும் தொகுப்பு, ஓபஸ் 22) எழுதினார்.

இனி பெடல். ஷோப்பனின் நாக்டர்ன்களில் இடக்கை அடியில் அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் விரிகிறது. ஒரு தந்தியின் மேற்சுரங்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அதனால் பெடலை அமுக்கும்போது மற்றத் தந்திகளும் கூடவே அதிர்ந்து ஒலி மலர்கிறது. பேஸ் (தாழ்ந்த சுர) பகுதியில் கார்டை நெருக்கிப் போட்டால் குழம்பிவிடும்.

ஓபஸ் 9 எண் 2-இல் பாருக்கு நான்கு தொகுதி. ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ், தாவி இரண்டு கார்டு. பேஸை அடித்து விரல் அதன் மேல் இருக்கும்போதே பெடல் இறங்கவேண்டும். விரல் எழுந்த பிறகு இறங்கினால் பேஸ் செத்துப்போகும், கார்டு அந்தரத்தில் தொங்கும்.

ஷோப்பன் விரும்பி வாசித்த பிளேயல் பியானோவைவிட இன்றைய கிராண்ட் பியானோவில் ஒலி அதிக நேரம் நிற்கிறது. அவர் எழுதிய நீளமான பெடல் குறிகளை அப்படியே பிடித்தால் சில இடங்களில் சேறாகும். அங்கே அரைப் பெடல்: டாம்பர் (தந்தியின் அதிர்வை அடக்கும் பட்டை) தந்தியை லேசாக உரசும் அளவுக்கு மட்டும் காலைத் தளர்த்துங்கள். மெல்லிய மேல் தந்திகள் உடனே அடங்கும், தடித்த பேஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும். டெபுஸியின் 'மூழ்கிய தேவாலயம்' (1910) பிரிலூடில் தாழ்ந்த சி-யின் மேல் கார்டுகள் அடுக்கடுக்காக நகரும் இடம் இந்தப் பழக்கம் இல்லாமல் கைகூடாது. டெபுஸி பெடல் குறி எழுதுவதே அபூர்வம். காதுதான் முடிவுசெய்ய வேண்டும்.

ரூபாட்டோ, அதாவது தாளத்தை நெகிழ்த்தி வாசிக்கும் விஷயத்தில், இடக்கை இசைக்குழு நடத்துநரைப் போலத் தாளம் காக்க, வலக்கை சுதந்திரமாகப் போகட்டும் என்பது ஷோப்பனின் பாடம். அவரிடம் படித்தவர்களே இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஓபஸ் 9 எண் 1-இன் தொடக்கத்தில் இடக்கையின் 6 சுரங்களுக்கு வலக்கையில் 11, உடனே 12-க்கு 22 சுரங்கள் வருகின்றன. இதை இரண்டு மூன்றாக வெட்டிப் பங்கிட்டால் விக்கும். இடக்கையைத் தனியே மெட்ரோனோமுடன் நிலைநிறுத்துங்கள். வலக்கையின் 22-ஐ ஒரே மூச்சில், தொடக்கமும் முடிவும் மட்டும் சரியாக விழும்படி ஓட்டுங்கள். அதன்பின் சேருங்கள்.

முதல் உலகப் போர்க்காலத்தில் டெபுஸி ஷோப்பன் படைப்புகளைப் பதிப்பித்தார். 1915-இல் 12 எட்யூடுகள் (பயிற்சி இசைத்துண்டுகள்) எழுதி ஷோப்பன் நினைவுக்குச் சமர்ப்பித்தார். அதில் விரல் எண்களே இல்லை. ஒவ்வொரு கைக்கும் அதற்கேற்ற விரலமைப்பு வேண்டும் என்பது அவர் எண்ணம். ஷோப்பனும் நீள விரல்கள் கறுப்புக் கட்டையில் இயல்பாக அமரும் பி மேஜர் ஸ்கேலில்தான் பாடம் தொடங்கினார். சி மேஜர் கடைசியில்.

டிஜிட்டல் பியானோவில் பழகுகிறவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள்: பெடலை அமுக்கி ஒரு தாழ்ந்த சுரமும் மேலே ஒரு கார்டும் அடித்து, விரல்களை எடுத்துவிட்டுக் காலை மெதுவாகத் தளர்த்துங்கள். ஒலி படிப்படியாகக் குறையாமல் சட்டென அறுந்தால் அது வெறும் சுவிட்ச் பெடல். அதில் அரைப் பெடல் வராது. அரைப் பெடல் வேலைசெய்யும் கருவி கிடைக்கும்வரை, பேஸுக்குப் பேஸ் பெடலை முழுவதும் மாற்றிப் பழகுங்கள்.