தோற்பவர் பணத்தில் ஓடும் குதிரைகள்

2025 செப்டம்பர் 10ஆம் நாள் பிரிட்டனில் கார்லைல், யூட்டாக்ஸிட்டர், லிங்ஃபீல்ட், கெம்ப்டன் ஆகிய நான்கு மைதானங்களிலும் குதிரைகள் ஓடவில்லை. மழையோ தொற்றுநோயோ காரணமல்ல. இணையவழிப் பந்தயங்களுக்கும் இணையக் கேசினோக்களுக்கும் ஒரே விகிதத்தில் வரி விதிக்கலாமா என்று அந்நாட்டு அரசு யோசித்துக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துக் குதிரைப் பந்தயத் துறை அன்றைய கூட்டங்களைத் தானே வேறு நாள்களுக்குத் தள்ளிவைத்தது. செய்தியைப் படித்த வாசகர் ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பியிருந்தார்: வரி விழுவது பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் மீது, அதற்குக் குதிரை வைத்திருப்பவர்களும் ஜாக்கிகளும் ஏன் போராட வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடை அரசியலில் இருப்பதைவிட எளிய ஒரு கூட்டல் கணக்கில் அதிகம் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் 59 பந்தய மைதானங்கள் உள்ளன. ஏறத்தாழ 14,000 குதிரைகள் பயிற்சியில் இருக்கின்றன. ஒரு குதிரையை ஓராண்டு வைத்துப் பராமரிக்க ஆகும் செலவில் சிறு பங்கைத்தான் பரிசுப் பணமாக அதன் உரிமையாளர் திரும்பப் பெறுகிறார். 1960ஆம் ஆண்டுச் சட்டம் மைதானத்துக்கு வெளியே பணம் கட்டுவதற்கு அனுமதி அளித்தது. 1961 மே மாதம் முதல் தெருவுக்குத் தெரு பந்தயக் கடைகள் திறக்கப்பட்டன. கடைக்காரர் சம்பாதிக்கும் காட்சியை நடத்திக் காட்டுவது பந்தயத் துறை என்பதால், அவரிடமிருந்து ஒரு பங்கை வசூலித்துத் துறைக்குத் தர லெவி வாரியம் ஒன்றும் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. குதிரை இனங்களை மேம்படுத்துதல், கால்நடை மருத்துவ அறிவியலை வளர்த்தல், பந்தயத்தை மேம்படுத்துதல் என மூன்று நோக்கங்களைச் சட்டம் அதற்கு வகுத்துக் கொடுத்தது.

இனி அந்தப் பங்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். ஐந்து குதிரைகள் ஓடும் ஒரு பந்தயத்தில் புக்கி இப்படி விலை சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்றரை, அடுத்ததற்கு இரண்டரை, பிறகு முறையே நான்கு, எட்டு, பத்து. ஒன்றுக்கு ஒன்றரை என்றால், 40 பவுண்டு கட்டியவர் வென்றால் 60 பவுண்டு லாபமும் கட்டிய 40ம் சேர்த்து 100 பவுண்டு பெறுவார். ஆகவே அந்த விலைக்குள் 40 சதவீத வெற்றி வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. இதே முறையில் மற்ற நான்கையும் கணக்கிட்டால் 28.57, 20, 11.11, 9.09 என்று வரும். ஏதோ ஒரு குதிரை வென்றே தீர வேண்டும் என்பதால், நேர்மையான வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 100 ஆகத்தான் இருக்க முடியும். இந்த ஐந்தையும் கூட்டிப் பாருங்கள்: 108.77. பந்தயக்காரர்கள் ஓவர்ரவுண்ட் என்று அழைக்கும் மிகை இதுதான்.

இந்த 8.77 எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் எனக்குத் தனி மகிழ்ச்சி. மக்கள் சரியாக இந்த விகிதத்திலேயே பணம் கட்டினால், அதாவது முதல் குதிரை மேல் 40 பவுண்டு, இரண்டாவதன் மேல் 28.57 பவுண்டு என்று போட்டால், புக்கியின் கைக்கு மொத்தம் 108.77 பவுண்டு வருகிறது. எந்தக் குதிரை வென்றாலும் அவர் கொடுக்க வேண்டியது 100 பவுண்டுதான். மைதானத்தின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 8.77 அவருடையது. எந்தக் குதிரை வேகமானது என்பதை அறிவதைவிட, கட்டப்படும் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனித்து விலைகளை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பெரிய வேலை.

நடைமுறையில் பணம் இவ்வளவு ஒழுங்காக வந்து சேர்வதில்லை. செல்வாக்குள்ள குதிரை ஒன்றின் மேல் எல்லோரும் குவிந்து, 40க்குப் பதிலாக 80 பவுண்டு கட்டிவிட்டார்கள் என்றும், புக்கி விலையை மாற்றத் தவறிவிட்டார் என்றும் கொள்வோம். வரவு 148.77 பவுண்டு. அந்தக் குதிரையே வென்றால் அவர் 200 பவுண்டு கொடுக்க வேண்டும், 51.23 பவுண்டு நட்டம். வேறு எது வென்றாலும் 48.77 பவுண்டு லாபம். இதனால்தான் ஃபேவரிட் குதிரைகள், அதாவது வெல்லும் என்று பெரும்பாலோர் நம்புபவை, அடுத்தடுத்து வெல்லும் நாளில் மைதானமே ஆரவாரம் செய்யும்போது புக்கி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

மிகை எல்லாக் குதிரைகள் மீதும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பது இன்னும் சுவையான செய்தி. வெல்லும் வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகள் மேல் மக்கள் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்பதை 1949இல் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பந்தயங்களில் கண்டறிந்தார். 1992 முதல் 2001 வரையிலான அமெரிக்கப் பந்தயங்களை அலசி, ஸ்னோபெர்க், வுல்ஃபர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு அதைத் துல்லியமாக அளந்து காட்டுகிறது. ஒவ்வொரு பந்தயத்திலும் ஃபேவரிட் மேலேயே கட்டியவருக்கு நூற்றுக்கு 5.5 நட்டம், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தவருக்கு 23 நட்டம், ஒன்றுக்கு நூறும் அதற்கு மேலும் விலையுள்ள குதிரைகளையே துரத்தியவருக்கு 61 நட்டம். அங்கே விலையை நிர்ணயிக்கும் புக்கி கிடையாது. கட்டுபவர்களின் பணமே விலையை உருவாக்குகிறது. ஆகவே இந்தச் சாய்வு முதலில் மனித மனத்தில் இருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். மிகச் சிறிய வாய்ப்பை நாம் பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்று கானமன், ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் சொன்னதும் இதனுடன் பொருந்துகிறது. பிரிட்டன் போன்ற புக்கிச் சந்தையில் இன்னொரு காரணமும் உண்டு. லாயத்து ரகசியம் தெரிந்த யாரோ ஒருவர் அந்த ஒன்றுக்கு ஐம்பது குதிரை மேல் பணம் கட்டிவிடக்கூடும் என்ற அச்சத்தில், புக்கி அத்தகைய குதிரைகளின் விலையை முன்கூட்டியே குறைத்துவிடுகிறார் என்று பொருளியலாளர் ஹியூன் சாங் ஷின் 1990களின் தொடக்கத்தில் கணித முறையில் விளக்கினார்.

ராசி எண் பார்த்தும், ஜாக்கியின் சட்டை நிறம் பார்த்தும், கனவில் வந்த பெயரை வைத்தும் குதிரை தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்த ஆய்வு ஒரு விலைச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. புள்ளியியலின் கண்ணில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தவர்கள்தான். அவர்களுக்கு உரியது 23 சதவீத நட்டம். சோதிடருக்குக் கொடுத்த தட்சிணை தனி.

லெவிக்குத் திரும்புவோம். இன்றைய விதிப்படி பிரிட்டிஷ் பந்தயங்களிலிருந்து புக்கி பெறும் மொத்த லாபத்தில், ஆண்டுக்கு முதல் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியில், 10 சதவீதம் லெவியாகச் செல்கிறது. மொத்த லாபம் என்பது கட்டப்பட்ட பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்ததைக் கழித்த மீதி. வேறு சொற்களில், பணம் கட்டியவர்கள் இழந்த தொகை. நம் ஐந்து குதிரைப் பந்தயத்தில் 108.77 பவுண்டு புரண்டபோது லெவியாகப் பந்தயத் துறைக்குச் சேர்வது 88 பென்ஸ்தான். அரசுக்கு 15 சதவீத வரியாக 1.32 பவுண்டு போகிறது. மக்கள் எவ்வளவு தோற்கிறார்களோ அவ்வளவுக்குத் துறை வாழ்கிறது. லெவி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது; ஆண்டின் மிகப்பெரிய பந்தய விழாக்களில் ஒன்றான செல்டன்ஹாம் மார்ச் மாத நடுவில் வருகிறது. அந்த நான்கு நாள்களில் ஃபேவரிட்டுகள் வரிசையாக வென்றுவிட்டால், விழா எவ்வளவு சிறப்பாக நடந்திருந்தாலும் லெவி வாரியத்தின் மதிப்பீடு ஆட்டம் கண்டுவிடும்.

ஏன் லாபத்தின் மேல் வசூலிக்க வேண்டும், புரளும் பணத்தின் மேலேயே வசூலித்தால் என்ன என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் இருந்தது. கட்டும் பணத்தின் மேல் 6.75 சதவீத வரி. கடைகளில் அதையும் லெவியையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் 9 சதவீதம் பிடித்தார்கள். நம் எடுத்துக்காட்டைப் போல லாபமே எட்டு ஒன்பது சதவீதமாக இருக்கும் பந்தயத்தில் அதே அளவுக்கு இன்னொரு சுமை ஏறினால் வாடிக்கையாளர் தங்கமாட்டார். 1999இல் விக்டர் சாண்ட்லர் என்ற புக்கி தன் தொழிலை ஜிப்ரால்டருக்குக் கொண்டுபோய்த் தொலைபேசி வழியே வரியில்லாப் பந்தயம் நடத்தத் தொடங்கியதும் அரசு விழித்துக்கொண்டது. 2001 அக்டோபரில் அந்த வரி நீக்கப்பட்டு, லாபத்தின் மேல் 15 சதவீதம் என்று மாறியது. லெவியும் அதே வழியில் சென்றது. இந்தியாவில் 2017இல் பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். மேலே போட்ட கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு, இந்த விகிதம் பணத்தைக் கணக்கில் வராத புக்கியிடம் தள்ளிவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சூதாட்டத்தைக் குறைப்பது நோக்கமானால் அதை நேரடியாகச் செய்யலாம். கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு அதை மாற்றுவது குறைப்பது ஆகாது என்பது என் கருத்து.

லாபத்தின் மேல் வசூலிப்பதிலும் ஓட்டை இருந்தது. லெவி பிரிட்டனுக்குள் இயங்குபவரை மட்டுமே பிடிக்கும் என்பதால், பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையப் பிரிவை ஜிப்ரால்டருக்கு மாற்றிக்கொண்டன. 2007-08இல் 11 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்த வசூல், 2016-17இல் 5 கோடிக்கும் கீழே விழுந்தது. 2017 ஏப்ரலில் சட்டம் திருத்தப்பட்டு, எங்கிருந்து நடத்தினாலும் லெவி உண்டு என்றானதும் அடுத்த ஆண்டே 9.5 கோடியை எட்டியது.

இடையில் லெவியையே ஒழித்துவிட்டு, பந்தயத் தகவலை விற்றுப் பிழைக்கலாம் என்றொரு கனவும் இருந்தது. எந்தக் குதிரை எந்தப் பந்தயத்தில் ஓடுகிறது என்ற பட்டியல் தங்கள் சொத்து, அதைப் பயன்படுத்தும் புக்கி உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று, துறையை நிர்வகித்த பந்தய வாரியம் வில்லியம் ஹில் என்ற புக்கி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. லெவி வாரியத்தைக் கலைக்க 2004இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஏற்கெனவே உள்ள தகவலைத் தேடித் திரட்டச் செலவிட்டிருந்தால் பாதுகாப்பு உண்டு, தானே உருவாக்கும் தகவலுக்குச் செலவிட்டதற்கு இல்லை. பட்டியலைப் பந்தய வாரியம்தான் உருவாக்குகிறது. எனவே அந்த உரிமை கிட்டவில்லை. ஒழிக்கப்படவிருந்த லெவி இன்றுவரை உயிரோடு இருப்பதன் காரணம் இதுவே.

பிரான்ஸ் இந்தத் தலைவலியையே வைத்துக்கொள்ளவில்லை. ஜோசப் ஓலர் 1860களில் பாரிஸில் அறிமுகப்படுத்திய முறையில் எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. நடத்துபவர் முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். ஏலச்சீட்டு நடத்துபவரைப் போல, யாருக்கு விழுந்தாலும் அவர் கழிவு மாறாது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முறையை மட்டும் அனுமதித்துப் புக்கிகளை வெளியேற்றியது. இன்று தொகுப்பை நடத்தும் பிஎம்யூ அமைப்பு பந்தயச் சங்கங்களுக்கே சொந்தம். உபரி நேராகக் குதிரைகளுக்குப் போகிறது. ஆனால் கட்டிய பணத்தில் ஏறத்தாழக் கால்வாசி கழிவாகப் போய்விடுவதால், பணம் கட்டுபவருக்குப் பிரிட்டிஷ் புக்கியே மலிவு.

லெவியின் இரண்டாம் நோக்கமான கால்நடை மருத்துவ அறிவியலைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. 2019 பிப்ரவரியில், தடுப்பூசி போட்ட குதிரைகளிடமே ஹெச்3என்8 வகைக் குதிரைக் காய்ச்சல் தென்பட்டதால் பிரிட்டனில் ஆறு நாள்கள் பந்தயம் முழுவதுமாக நின்றது. சளி மாதிரிகளைச் சோதித்து, மறுபடி தொடங்கலாம் என்ற முடிவுக்கு வழிசெய்தது நியூமார்க்கெட்டில் இருந்த அனிமல் ஹெல்த் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் ஆய்வகம். அடுத்த ஆண்டே, 2020 ஜூலையில், பணமில்லாமல் அந்த அறக்கட்டளை மூடப்பட்டது. அதன் நோய்க் கண்காணிப்புப் பணி லெவி வாரியம் முதலானோரின் உதவியால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது. வைரஸ் எப்போது உருமாறும் என்பதற்குக் காலண்டர் கிடையாது. அதைக் கண்காணிக்கும் ஆய்வகத்தின் சம்பளம், செல்டன்ஹாமில் எந்தக் குதிரை வென்றது என்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பது அறிவுடைய ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. இத்தகைய பணிக்கு அரசின் நிலையான நிதி வேண்டும்.

லெவியைத் தவிர, மைதானங்களிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்புக்காகவும் பந்தயக் கடைகள் பணம் தருகின்றன. கடை எண்ணிக்கை குறைந்தால் அந்த வருவாயும் குறையும். பல கடைகளைத் தாங்கிப் பிடித்திருந்தவை மூலையில் இருந்த மின்னணு ரூலெட் இயந்திரங்கள். அவற்றில் ஒரு சுற்றுக்குக் கட்டக்கூடிய உச்சத் தொகை 2019 ஏப்ரலில் 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டது சமூகத்துக்கு நல்லதுதான். வில்லியம் ஹில் மட்டும் சுமார் 700 கடைகளை மூடப்போவதாக அறிவித்ததும் மைதானங்கள் பதறின. குதிரையின் தீவனம் ரூலெட் சக்கரத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தது.

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் போராட்டத்துக்கு ஓரளவு செவிசாய்த்தது. இணையக் கேசினோ வரி 21இலிருந்து 2026 ஏப்ரல் முதல் 40 சதவீதமாகிறது. பிற இணையப் பந்தயங்களுக்கு 2027 ஏப்ரல் முதல் 25 சதவீதம். பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் பழைய 15 சதவீதமே தொடர்கிறது. ஆனால் கேசினோவும் குதிரைப் பந்தயமும் பெரும்பாலும் ஒரே நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஒரு பக்கம் இழப்பதை மறுபக்கத்தில் ஈடுகட்ட அவர்களுக்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. நம் மூன்றாம் குதிரையின் விலையை ஒன்றுக்கு நான்கிலிருந்து மூன்றரையாகக் குறைத்தால் போதும்; 20 என்பது 22.22 ஆகி, கூட்டுத்தொகை 108.77இலிருந்து 110.99க்கு ஏறிவிடும். அண்மை ஆண்டுகளில் பந்தயங்களில் புரளும் பணம் குறைந்துகொண்டே வந்தபோதும் லெவி வசூல் 10 கோடிப் பவுண்டுக்கு மேல் நின்றதற்கு, புக்கிகளின் லாப விகிதம் இப்படி உயர்ந்ததே முக்கியக் காரணம். லெவி வாரியத்தின் கணக்கில் அது நல்ல ஆண்டாகவே பதிவாகும். வாடிக்கையாளரின் பணப்பை மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் காலியாகி, அவர் அடுத்த பந்தயத்துக்கு வராமல் போவார்.