பிள்ளைக்கு மனச்சோர்வா? நீலகிரியில் அரசு உதவி கிடைக்கும் வழி

மனச்சோர்வு பிள்ளைகளிடம் எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிந்து விழுவது, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, தூக்கம் கெடுவது, உயிராக நினைத்த விளையாட்டைக்கூட விட்டுவிடுவது என்றும் வரும். இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தாயத்துக் கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும். அதற்காக டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே தொடங்குவது? போனில்தான். 14416 என்பது ‘டெலி மானஸ்’. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளையே பேச வேண்டும் என்பதில்லை, அம்மாவோ வகுப்பு ஆசிரியரோ கேட்கலாம். மண் சரிந்து ரோடு அடைபட்ட நாளில் இந்த நம்பரின் அருமை தெரியும். சிக்னலுக்காக மேட்டில் ஏற வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

நேரில் காட்ட, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும்போதே மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தங்கள் பகுதிக்கு எந்த நாள் வருகிறார் என்று அங்குள்ள அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் டாக்டர் இல்லாமல் திரும்புவது கொடுமை.

இதெல்லாம் சலுகை அல்ல, உரிமை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல சிகிச்சைக்காக யாரையும், குழந்தைகளையும் சேர்த்துத்தான், நெடுந்தூரம் அலையவிடக் கூடாது என்கிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் சட்டம் அதுதான். பக்கத்திலேயே மனநல டாக்டர் வேண்டும் என்று மனு கொடுக்கும்போது தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம்.

‘பைத்தியம் என்று ஊரே பேசுமே, நாளைக்குக் கல்யாணம் ஆகுமா’ என்ற பயம்தான் பல வீடுகளில் காலைக் கட்டிப்போடுகிறது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. சிகிச்சை பெறப் போவதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கும் இல்லை.

‘உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்கள்’ என்பது அடுத்த பயம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைச் சேர்ப்பது விதிவிலக்காகத்தான். பாதுகாவலரின் விண்ணப்பம் வேண்டும், மனநல டாக்டர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது, பெற்றோரோ துணைக்கு ஓர் ஆளோ முழுநேரமும் கூடவே இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த நிலையே வராது. பேச்சுவழி சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, அவ்வளவுதான்.

சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் மட்டும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல், உடனே 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எப்போது குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். மழைக்காலத்தில் மாத்திரை தீர்வதற்கு நாலு நாள் முன்பே அடுத்த சீட்டு வாங்கிவிடுங்கள்.