சொந்தத்தில் சம்பந்தம், சொத்தில் யார் பெயர்?

"நமக்குள்ளதானே, இதுக்கெல்லாம் எதுக்கு வக்கீல் சார்?" சொந்தத்தில் பெண் கொடுப்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் வாழ்க்கைப்பட்டவர்கள். பிள்ளைகளுக்கு வரும் பரம்பரை நோய் பற்றி டாக்டர்கள் சொல்கிறார்கள். நான் பார்ப்பது பத்திரங்களை.

லாபம் இல்லாமல் இல்லை. சவரன் பேரம் குறையும், பெரிதாகக் கடன் வாங்காமல் கல்யாணம் முடியும். பொதுக் கிணறும் ஒரே மோட்டார் சர்வீஸும் உள்ள தோட்டத்தில், நிலம் துண்டாகாமல் இருப்பது சின்ன விஷயமா?

சரி, சிக்கல் எங்கே? அடிக்கடி வரும் கதை இது. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய தென்னந்தோப்பு. உயில் எழுதாமல் போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956 முதலே அதில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. மகளின் பெண்ணை மகனின் பையனுக்குப் பேசி முடிக்கிறார்கள். "என் பொண்ணுதானே அனுபவிக்கப் போறா" என்று பெண்ணின் அம்மா தன் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுக்கிறார். பட்டா மாறுகிறது. அத்தோடு தோப்பில் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை, மகளுக்கும் ஒன்றுமில்லை. அண்ணன் அதை அடகு வைக்கலாம், விற்கலாம், இன்னொரு பிள்ளைக்கு எழுதலாம். மருமகள் என்பதற்காகப் பங்கு வராது.

அப்புறம் தம்பதிக்குள் விரிசல் வந்தால், பெண்ணுக்காகப் பேச வேண்டிய தாய்மாமனே இங்கே மாமனார். கடைக்காக அடகு வைத்த அவள் நகைக்குச் சீட்டும் அவர் பெயரில். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடாக இருந்தால் இன்னும் மோசம்: இவள் திரும்பி வந்தால் அங்கிருந்து வந்தவளும் போக வேண்டும் என்பார்கள். அம்மா வாயே திறக்க மாட்டார்.

மகளுக்காகத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றால், அண்ணனுக்கு விடுதலை வேண்டாம். உங்கள் பங்கை மகள் பெயருக்கே தான செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் கொடுக்கும் பத்திரம், எழுதுங்கள். பாகம் பிரிக்காமலே எழுதலாம், தோப்பு அப்படியே இருக்கும். அண்ணன் கோபித்துக்கொள்வாரே என்பார்கள். கோபிக்கட்டும், கல்யாணத்துக்கு முன்பே அது தெரிவது நல்லதுதான்.

விடுதலைப் பத்திரத்தை ஏற்கெனவே ஏமாற்றி எழுதி வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னால் நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம்.